மெட்டு ஏறக்கூடாத தாள்

போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டு இட்லி பார்சல் வாங்கினேன். கடையில் இருந்த பெண் வாழையிலையை விரித்து, இட்லியை அடுக்கி, ஒரு வெள்ளைத் தாளை உருவி மடித்துக் கொடுத்தாள். உள்பக்கம் பளபளப்பு, வெளிப்பக்கம் வெறுமை. "பேப்பர்ல மடிக்கிறதில்லயாம்மா இப்பெல்லாம்?" என்று கேட்டேன். "கூடாதுன்னுட்டாகக்கா. பேப்பர் மை விஷமாம். ஆபீசருக வந்து பாத்தா ஃபைனு போடுறாக" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மை விஷம் என்பதை இந்த ஊரில் பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன்பே ஒரு மனிதர் கண்டுபிடித்துவிட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவர் ஆபீசர் இல்லை. பதினோரு ஜீப் வைத்திருந்தார்.

எனக்கு அந்த மையின் வாசனை தனியாக வராது, ஏலக்காயோடு சேர்ந்துதான் வரும். எங்கள் பத்திரிகை ஆபீஸ், ஏலக்காயைத் தரம் பிரிக்கிற ஒரு கிட்டங்கியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகை. வெளியூர்க்காரர்கள் போடிக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "பாயசம் மாதிரி மணக்குதே" என்பார்கள். எனக்கு அந்த மணம் வந்தால் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கூடவே வரும். அவற்றுக்குப் பின்னால் ரத்த வாடையும் வரும். பாயசம் குடிப்பதை விட்டு வெகு நாளாயிற்று. வீட்டில் காரணம் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

பத்திரிகையின் பெயர் 'மலைச்சேதி'. வாரத்துக்கு ஒரு பெரிய தாள். நடுவில் மடித்தால் நாலு பக்கம். நடத்தியவர் தனராசு அண்ணன். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அச்சடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். "ஊர்க்காரன் கல்யாணத்தயே எம்புட்டு நாளுக்குச் சொல்றது, அவன் படுற பாட்டையும் கொஞ்சம் சொல்லுவோம்" என்று ஒரு நாள் ஆரம்பித்தாராம். முன்கோபி. மிஷின் மக்கர் பண்ணினால் அதை ஓங்கி அறைவார், பிறகு வீங்கிய கையோடு நாலு நாள் திரிவார். நான் தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு அவரிடம் சேர்ந்தேன். இருபத்துமூன்று வயது. உலகத்தில் நடக்கிற அக்கிரமமெல்லாம் யாரும் ஒழுங்காக எழுதாததால்தான் நடக்கிறது என்று நம்புகிற வயது. செய்தி சேகரிப்பது, டைப் அடிப்பது, பிழை திருத்துவது, கட்டுக் கட்டுவது, கொட்டகையைக் கூட்டுவது எல்லாம் என் சோலிதான். 'உதவி ஆசிரியர்' என்று என் பெயருக்குக் கீழே போட்டிருக்கும். அதை டைப் அடித்ததும் நான்தான்.

பெரிய பத்திரிகைகளுக்குப் போடி என்றால் ஏலக்காய் விலை. எங்களுக்கு ஏலக்காய் எடுக்கிற ஆட்கள். எந்தத் தோட்டத்தில் காலையில் மருந்தடித்துவிட்டு மத்தியானமே காய் எடுக்கச் சொன்னார்கள், மயங்கி விழுந்தவளைச் சாக்கில் படுக்க வைத்துவிட்டு மற்றவர்களை எங்கே வேலை பார்க்க விரட்டினார்கள், பக்கத்து ஊரான தேவாரத்தில் யானை யார் தென்னையை முறித்துப் போட்டது என்பதெல்லாம்தான் செய்தி. படிக்கிறவர்கள் விடியும்போது மலையேறிப் பொழுது சாய இறங்குகிறவர்கள். அதனால் பத்திரிகையும் அவர்களோடு ஜீப்பில் ஏற வேண்டும். திங்கட்கிழமை காலை ஜீப்புகள் கிளம்புகிற இடத்தில் போய் நின்று வண்டிக்கு ஒரு கட்டு கொடுப்போம். மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போகும். பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒரே ரோடு. வேறு வழி கிடையாது.

அந்த ஜீப்பில் நீங்கள் ஏறியதுண்டா? பத்துப் பேர் ஏற வேண்டியதில் இருபது பேர் இருப்பார்கள். ஆனால் அந்த நெரிசலிலும் ஓர் ஒழுங்கு உண்டு. யாருக்கு எந்த இடம் என்பது வருடக்கணக்காக மாறாது. ஒருத்தி வர நேரமானால் மற்றவர்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருப்பார்களே தவிர அவள் இடத்தைத் தொட மாட்டார்கள். நான் முதல் தடவை செய்தி சேகரிக்க மேலே போனபோது காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஏத்தா, எந்திரி. அது மூக்கம்மா இடம்" என்றார்கள். மூக்கம்மா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. பதினேழு வளைவும் நின்றுகொண்டே போனேன்.

அந்த ஒரே ஜீப்பில் மூன்று செல்லத்தாயிகள். கியருக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கியர் செல்லத்தாயி. நடுக்கம்பியைப் பிடித்து நிற்கிறவள் கம்பி செல்லத்தாயி. பின்னால் தொங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று ஸ்டெப்னி டயரைக் கழற்றிப் பின்கதவு ஓரமாக உள்ளே போட்டிருப்பார்கள். அதன்மேல் உட்காருகிறவள் ஸ்டெப்னி செல்லத்தாயி. சிலமலைக்காரி, நாற்பது வயதிருக்கும். எட்டாவது வரை படித்தவள். பத்திரிகையை விரித்து வண்டியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பாள். வளைவில் வண்டி குலுங்கும்போது வாக்கியத்தை நிறுத்தி, வண்டி நிமிர்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். என்னை அவள் கூப்பிடுவது 'பேப்பர்க்கார ஆத்தா' என்று. முழங்கை இடித்தாலும் சரி, முள் கிழித்தாலும் சரி, "சாரமில்ல" என்பாள். மலையில் பிடித்துக்கொண்டு வந்த மலையாளச் சொல். பரவாயில்லை என்று அர்த்தம்.

ஐப்பசி மழையில் அந்த ஜீப் ஒன்பதாவது வளைவில் பின்னோக்கி உருண்டது. தனராசு அண்ணனும் நானும் அவருடைய பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வண்டி பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். இருக்க முடியாது, நாங்கள் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் ஞாபகம் அப்படித்தான் இருக்கிறது. தூக்குவாளிகள் நசுங்கிக் கிடந்தன. தேவாரத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, வண்டிக்கு அடியில். அவள் சடை மட்டும் வெளியே கிடந்தது, அதில் வைத்த கனகாம்பரம் கலையாமல் இருந்தது. டிரைவரின் காலெலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது. ஸ்டெப்னி செல்லத்தாயி ஆரம்பத்திலேயே ரோட்டில் தூக்கி எறியப்பட்டதால் தப்பித்தாள். நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் "சாரமில்ல, சாரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது.

அந்த வாரம் ஒரு வரிதான் அதிகமாக எழுதினோம். பத்துப் பேர் வண்டியில் இருபத்தொரு பேர் இருந்தார்கள் என்பதை. திங்கட்கிழமை கட்டுகளோடு போய் நின்றோம். பதினோரு ஜீப்பின் முதலாளி நாலு ஆட்களோடு வந்தார். முதலாளி கத்தவில்லை. அமைதியாக, "எங்க வண்டியில ஏறிக்கிட்டே எங்க வண்டியப் பத்தி எழுதுவீகளோ? இனிமே ஒத்தத் தாளு மெட்டு ஏறக் கூடாது" என்றார். தனராசு அண்ணனுக்கு அமைதியாகப் பேச வராது. "ரோடு ஒங்க அப்பன் போட்டதா?" என்றார். ஜாக்கி ராடை எடுத்து வாயில் அடித்தான் ஒருவன். பல் உடைகிற சத்தம் விறகு ஒடிகிற மாதிரி இருந்தது. அவர் விழுந்த பிறகும் விலாவில் மிதித்தார்கள். கட்டுகளைப் பிரித்து டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் ஒரு டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டார். அதற்கு முந்தின வாரம் வரை எங்கள் கட்டை மேலே கொண்டுபோனவர். எனக்கு அந்த நாலு பேர்மேல் வந்த கோபத்தைவிட அந்த பீடிமேல்தான் அதிகமாக வந்தது, இன்றைக்கும் தணியவில்லை.

புகார் கொடுக்கப் போனோம். பத்து நாள் கழித்து எங்களுக்குத்தான் ஓர் அரசாங்க உத்தரவு வந்தது. பொது அமைதிக்குப் பங்கம் வருவதால் பஸ் ஸ்டாண்டு, சந்தை, ஜீப் கிளம்புமிடம் ஆகிய இடங்களில் 'மலைச்சேதி' விநியோகிக்கக் கூடாது என்றிருந்தது. அச்சடிக்கலாம், எழுதலாம், கொட்டகைக்குள் அடுக்கிவைத்து நாங்களே படித்துக்கொள்ளலாம். கொடுக்கத்தான் கூடாது. பெட்டிக்கடைக்காரர்களுக்கும் முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். மலைக்குப் போகிற பெண்களின் பையை ஜீப்பில் ஏறுமுன் அவருடைய ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஒருத்தி பையில் பழைய இதழ் ஒன்று இருந்ததற்காக அவளை வேலைக்கே ஏற்றவில்லை. கட்டுப்போட்ட வாயோடு தனராசு அண்ணன் அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். கொட்டகைக்குள் கிடந்தது.

வழி காட்டியது லட்சுமியக்கா. ஜீப் கிளம்புகிற இடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்தவர். மலைக்குப் போகிற பெண்கள் காலைக்கும் மத்தியானத்துக்கும் அவரிடம்தான் பார்சல் கட்டுவார்கள். பழைய பேப்பர் தீர்ந்துபோய் ஒரு நாள் எங்களிடம் கேட்டு வந்தார். விற்காத கட்டுகளைப் பார்த்தார். ஒரு தாளை உருவி மடித்துப் பார்த்துவிட்டு, "கொண்டா அதை. எந்தத் தாளா இருந்தா என்ன, இட்லிக்குத் தெரியவா போகுது?" என்றார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க எந்த ஆளுக்கும் மனம் வராது என்பது அவர் கணக்கு. சரியான கணக்குத்தான். அடுத்த வாரத்திலிருந்து செய்தியெல்லாம் உள்பக்கம். வெளிப்பக்கம் முழுக்க உரக்கடை விளம்பரமும் ராசிபலனும். இலைக்கு மேல் செய்தி, செய்திக்கு மேல் ராசிபலன். எங்கள் ராசிபலனை எழுதியதும் நான்தான். ஒரு வாரம் பாதி ராசிக்காரர்களுக்கு 'வாகனப் பயணத்தில் எச்சரிக்கை தேவை' என்று போட்டேன்.

ஆறு வாரம் அப்படி மெட்டு ஏறியது. மேலே தோட்டத்தில் மத்தியானம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் ஊறிய தாளை வெயிலில் காட்டி வாசித்தார்களாம். விபத்துக்குப் பிறகு வேறு ஜீப் வந்திருந்தது. உட்காருகிற இடங்கள் மட்டும் மாறவில்லை. செத்துப்போன பெண்ணின் இடத்தைப் பல நாள் காலியாகவே விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஸ்டெப்னி செல்லத்தாயி என்னிடம் ஒன்று சொன்னாள். முதலாளி ஊரெல்லாம் டிரைவர் குடித்திருந்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த சமயம். "குடிக்கவே இல்லத்தா. கெளம்புறதுக்கு முன்னாடி வண்டிக்குப் பின்னாடி நின்னு ரெண்டு பேரும் பேசுனாக. பிரேக்கு பிடிக்கலன்னு அவன் சொல்றான். இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓட்டு, நாளைக்குப் பாத்துக்கிறலாம்னுட்டு இவரு கதவத் தட்டி அனுப்புறாரு. ஏங் காதுக்குப் பக்கத்துலதான்" என்றாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. அந்தப் புள்ள போயிருச்சு, இந்த டிரைவர்ப் பய ஜெயிலுக்குப் போகப் போறான். ஏம் பேரு மட்டும் வேணாம். மேல வேல போச்சுன்னா எனக்கு வேற சோலி தெரியாது" என்றாள்.

நான் பேரைப் போடவில்லை. ஆனால் எனக்கு இன்னொரு கவலை இருந்தது. இருபது பேர் சத்தத்துக்கு நடுவில் ஒருத்திக்கு எப்படிக் கேட்டது என்று யாராவது கேட்டால்? நம்புகிற மாதிரி எழுத வேண்டுமே. 'பின்கதவோரம் ஸ்டெப்னி டயரின்மேல் வழக்கமாக உட்காருகிற பெண் தொழிலாளி நம்மிடம் கூறியதாவது' என்று எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. தனராசு அண்ணன், "பேரு போடலைல?" என்று கேட்டார். "போடலண்ணே" என்றேன். அவரும் தலையாட்டினார். போடியில் பிறந்து வளர்ந்த இரண்டு பேரும் அந்த வரியில் ஒரு தப்பையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரத் திங்கட்கிழமை நான் லட்சுமியக்கா கடைக்குள், அந்த இதழில் மீந்த தாள்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரப் பார்சலில் மேலே போன தாள் ஒன்று எப்படியோ கீழே வந்து முதலாளி கைக்குப் போய்விட்டது. முதலாளியின் ஆட்கள் ஜீப்புக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "ஸ்டெப்னி மேல உக்காருறவ எவ?" என்றான் ஒருவன். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை, அதை நான் அடித்துச் சொல்வேன். ஆனால் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த டயர் மட்டும் காலியாகக் கிடந்தது. சிலமலை மினி பஸ் அன்றைக்குப் பிந்திவிட்டது. அவள் இடத்தை அவளுக்காக வைத்திருந்தார்கள், என்றைக்கும் வைத்திருப்பது போல.

அவள் வெரசாக நடந்து வந்தாள். லட்சுமியக்காவிடம் பார்சலை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நான் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அந்த ஆட்களைத் தெரிந்தது, அவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்றும் தெரிந்தது. அடுத்த பார்சலுக்குத் தாளை எடுத்தேன். கூட்டத்தில் அவளை யாரும் கவனிக்கவில்லை. அவள் நேராகப் போய், பின்கதவைப் பிடித்து, ஏறி, டயரின்மேல் உட்கார்ந்தாள். முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கதவுச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். "கைய எடுக்க மாட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் அந்த இரும்புக் கதவை அவள் விரல்கள்மேல் அறைந்து சாத்தினான். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. பார்சல் ரோட்டில் சிதறி, இட்லியும் சாம்பாரும் ரத்தமும் ஒன்றாகக் கலந்தன. நான் எழுதிய அந்த வரி எங்கேயோ அதற்குள் நனைந்துகொண்டிருந்திருக்கும்.

லட்சுமியக்காதான் ஓடினார். இட்லிக் கொப்பரையைத் துணி போட்டுத் தூக்கிக்கொண்டு போய், கொதிக்கிற தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினார். அவன் அலறிய அலறலைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. கியர் செல்லத்தாயியும் கம்பி செல்லத்தாயியும் இறங்கி, கையில் கிடைத்ததால் மற்றவர்களை அடித்தார்கள். ஒருவன் மண்டை தூக்குவாளியால் பிளந்தது. நான் கையில் ஒரு தாளோடு கடைக்குள்ளேயே நின்றிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். ஏலக்காய் எடுப்பதற்கு அந்த விரல்கள்தான். தூரில் குனிந்து, பழுத்ததா பிஞ்சா என்று விரலால் பார்த்து எடுக்க வேண்டும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே, "ஏம் பேரப் போட்டிருக்கலாம்லத்தா" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எங்க வண்டியில மூணு செல்லத்தாயி. எந்தச் செல்லத்தாயின்னு முழிச்சிருப்பானுக. ஸ்டெப்னில நான் ஒருத்திதான" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தருகிறவள் மாதிரி சொன்னாள். அன்றைக்கு அவள் "சாரமில்ல" என்று சொல்லவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கொட்டகைக்குள் புகுந்து மிஷினைக் கடப்பாரையால் நொறுக்கிவிட்டார்கள். மை முழுவதையும் தரையில் கொட்டியிருந்தார்கள். தனராசு அண்ணன் அந்தக் கறுப்புக்குள் கால் பதிய நடந்து போய், உடைந்த உருளையைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் அறையவில்லை, மிஷினைக்கூட. கேஸ் நடந்தது. சாட்சி சொல்ல நான்கு பேர் போனோம்: நான், லட்சுமியக்கா, மற்ற இரண்டு செல்லத்தாயிகள். கோர்ட்டில் "செல்லத்தாயி" என்று கூப்பிட்டபோது மூன்று பேரும் சேர்ந்து எழுந்து நின்றதில் கோர்ட்டே சிரித்தது. காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றார்கள் எதிர்த்தரப்பில். கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. நான் மதுரைக்குப் போய் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்க்கச் சேர்ந்தேன். இன்னமும் அதுதான் பார்க்கிறேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தனராசு அண்ணன் போன வருடம் போய்ச் சேர்ந்தார். ஜீப்புகள் இன்றைக்கும் அதே இடத்திலிருந்து, அதே மாதிரி அடைத்துக்கொண்டுதான் கிளம்புகின்றன. எட்டிப் பார்த்தேன். ஸ்டெப்னியை வெளியே மாட்டியிருக்கிறார்கள். அந்த இடமே வண்டிக்குள் இல்லை.

இட்லி பார்சலோடு சிலமலைக்குப் போனேன். செல்லத்தாயி இப்போது ஆடு வைத்திருக்கிறாள். இடது கையால் நூலைப் பிரித்தாள். இலையைத் தட்டில் வைத்துவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தா, ஒண்ணுமே இல்ல?"

"பேப்பர்ல மடிக்கக் கூடாதாம். மை விஷமாம்."

"நாம அம்புட்டு நாளு தின்னமே" என்று சிரித்தாள். பிறகு, "இப்ப நீ எதுல எழுதுற?" என்று கேட்டாள்.

"எழுதுறதில்ல. அன்னைக்கோட விட்டுட்டேன்."

என் கண் எங்கே போயிற்று என்று கவனித்துவிட்டாள். மூன்று விரல் உள்ள அந்தக் கையைத் தூக்கி எனக்கு நேராகக் காட்டினாள். "வெரலு போனது எனக்கு" என்றாள். "நீ எதுக்குத்தா எழுதுறத விட்ட?"

சாரமில்ல என்று சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவள் இட்லியைப் பிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.